முனியாண்டிக்கு ஒதுக்கிய நேரம்

தம்புசாமி வீட்டுக் கார் முனியாண்டி கோயிலை நிற்காமல் தாண்டிப் போனதே கிடையாது. மலாக்காவை அடுத்த டுரியான் துங்காலுக்கு அப்பால், பழைய தோட்டத்து மண்சாலையில், ஒற்றை ஆலமரத்தடியில் இருக்கிறது கோயில். சுற்றியிருந்த கித்தா மரத்து ரப்பர்க்காடு செம்பனையாக மாறியது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போயின, சனங்களும் போனார்கள். அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. கார் நிற்கும். ஓட்டுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார், சூடம் கொளுத்துவார், திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார். மழையானாலும் சரி, பந்தயமானாலும் சரி.

அந்தப் பந்தயத்தில்தான் தம்புசாமியின் மூத்த மகன் தங்கையாவுக்கு வருடா வருடம் அடி விழுந்தது.

மலாக்காவில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கூடி ஒரு சங்கம் நடத்துகிறார்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. வேகமாக ஓடுகிறவனுக்கு அதில் பரிசு கிடையாது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை இன்ன வேகத்தில் வர வேண்டும் என்று வழிப்புத்தகத்தில் போட்டிருக்கும், அதன்படி வர வேண்டும். வழியில் எங்கேயோ ஒரு சாவடி மறைந்திருந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். முந்தி வந்தாலும் புள்ளி போகும், பிந்தி வந்தாலும் போகும். இடையில் வண்டியை நிறுத்தி நேரத்தைக் கரைக்கக் கூடாது. முனியாண்டி கோயிலுக்கு மட்டும் விலக்கு. அங்கே யாரும் நின்று கும்பிட்டுப் போகலாம், ஆனால் நின்ற நேரத்தைக் கணக்கிலிருந்து கழிக்க மாட்டார்கள்.

அந்த விலக்கு தங்கையாவின் தகப்பனார் தம்புசாமியின் நினைவாக வந்தது. ஜெயிப்பவருக்குக் கொடுக்கும் வெள்ளிக் கோப்பையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த மனிதர் அவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் மோரிஸ் மைனர் கார் வாங்கி, அதைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டி, இந்தப் போட்டிகளைத் தொடங்கி வைத்தவர். ஞாயிறு காலையில் அவர் பானெட்டைத் திறந்தால் லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் அங்கே நிற்கும். ஆனால் கிட்டே போகும் உரிமை இரண்டு பேருக்குத்தான். மூத்தவன் தங்கையா விளக்கைப் பிடிப்பான். அடுத்தவள் சுசீலா, கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தகரத் தட்டில் அடுக்குவாள். எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு திருகாணிகூட மிஞ்சியதில்லை என்று தம்புசாமி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வளர்ந்ததும் தங்கையா ஓட்டினார், சுசீலா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வயசுப் பெண்ணைப் பந்தயத்துக்கு அனுப்புகிறாரே என்று தோட்டத்தில் சிலர் வாயைத் திறந்தார்கள். “என் மக, என் மகனோட, என் கார்ல போறா” என்றார் தம்புசாமி. திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. அந்தக் குடும்பத்தில் பேச்சு எப்போதும் அவ்வளவுதான் நீளும்.

பிறகு சுசீலா கல்யாணமாகி சிரம்பானுக்குப் போய்விட்டாள். தங்கையா யார் யாரையோ பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். ஒருவரும் சரிப்படவில்லை. காரைத் துணி போட்டு மூடி வைத்தார். சுசீலா கணவனை இழந்து, அண்ணன் வீடு இருக்கும் புக்கிட் காத்திலுக்குத் திரும்பி வந்தபோது, அண்ணன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் மேலிருந்த துணியை மட்டும் இழுத்துப் போட்டார். அவளும் முந்தானையைச் செருகிக்கொண்டு தகரத் தட்டைத் தேடினாள்.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் போட்டிக்குப் போனார்கள். வருடம் தவறாமல் தோற்றார்கள். எல்லாப் பகுதியிலும் அவள் கணக்கு நூல் பிடித்த மாதிரி இருக்கும். கோயிலில் இறங்கி ஏறும் நேரம்தான் கவிழ்க்கும். சாவடி பெரும்பாலும் கோயிலை அடுத்த வளைவிலேயே இருப்பதால் இழந்த நேரத்தைப் பிடிக்க வழியிருக்காது. முன்கூட்டியே கொஞ்சம் வேகமாக வந்து அந்த நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சுசீலா முதல் வருடமே சொன்னாள்.

“சாமியக் காட்டி நேரம் சேர்க்கிற வேலை நம்ம வீட்டுல இல்ல” என்று முடித்துவிட்டார் தங்கையா.

மற்றவர்கள் வீட்டில் அந்த வேலை நன்றாகவே நடந்தது. வேகமாக வந்துவிட்டு, மிஞ்சிய நேரத்தைக் கரைக்கக் கோயில் வாசலில் நிறுத்துவார்கள். எட்டுப் பேர் வரிசையாகக் கண்ணை மூடி நிற்பது பார்க்கப் பக்தியாக இருக்கும். கிட்டே போனால் கூப்பிய கைகளுக்கு நடுவே ஸ்டாப்வாட்ச் தெரியும். போன வருடம் ஆண்டுக் கூட்டத்தில் தங்கையா எழுந்து நின்றார்.

“சாமி முன்னால கடிகாரம் பாக்கிறவன் எவனும் எங்கப்பா பேரு போட்ட கோப்பையைத் தொடக்கூடாது!”

தலைவர் வடிவேலு தலையைச் சொறிந்தார். “மனசுக்குள்ள இருக்கிறத எப்படிண்ணே ரூல்ல எழுதறது?”

எழுதவில்லைதான். ஆனால் எல்லோருக்கும் சுருக்கென்று பட்டது. அந்தச் சொல்லை ஊர் மறக்கவில்லை.

இந்த வருடம் மலாக்காவில் கார்கள் புறப்படும் இடத்துக்கு மைக்கேல் வந்து, மோரிஸ் மைனரின் சன்னலில் கையை ஊன்றினான். தங்கையாவை விடப் பத்து வயது இளையவன். இரண்டு வருடமாகக் கோப்பை அவன் வீட்டில் இருந்தது.

“அண்ணே, இந்த வருசமாவது கோப்பை உங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்குமா?”

“எங்கப்பா பேரு அதுல இருக்குடா. எங்க இருந்தாலும் அது எங்க வீட்டுதுதான்.”

“அப்ப வந்து தொடைச்சிட்டாவது போங்களேன். ஷோகேஸ்ல தூசி படிஞ்சு கெடக்கு.”

அவன் மகன் மார்வின், அப்பாவுக்குக் கணக்குப் போடுகிறவன், சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுசீலா சிரிக்கவில்லை. மேசையில் பளபளத்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவர்களின் பெயர்கள் அதில் ஜோடி ஜோடியாக வெட்டப்பட்டிருந்தன. அப்பா பெயருக்குக் கீழே பிள்ளைகள் பெயர் இல்லை.

கொடி அசைந்தது. கார் கிளம்பியது.

அந்தக் கார் இன்னும் மைல் கணக்கில்தான் ஓடுகிறது. வழிப்புத்தகம் கிலோமீட்டரில் இருக்கும். சுசீலா மனத்துக்குள்ளேயே மாற்றி, மைலில் வேகத்தைச் சொல்வாள். தங்கையா முள்ளை அங்கே வைப்பார். புத்தகத்தை அவர் எட்டிப் பார்ப்பதில்லை, தங்கையின் வாய்க்கு மேல் கணக்கில்லை என்பதுதான் அவர் நம்பிக்கை.

“இருபத்தஞ்சு.”

முள் இருபத்தைந்தில் நின்றது. மரப்பாலம், சீனக் கோயில், மலாய்க் கம்போங் வீடுகள், ரம்புத்தான் வேலி. எஞ்சினின் சத்தம் அதே பழைய சத்தம். பக்கத்திலிருந்து வரும் குரலும் அதே குரல். கண்ணை மட்டும் சாலையில் வைத்துக்கொண்டால், பின்னிருக்கையில் அப்பா கால் நீட்டி உட்கார்ந்து சுருட்டு வாசனையோடு வருகிறார் என்றே நினைத்துக்கொள்ளலாம். தங்கையா நினைத்துக்கொண்டார்.

“இருபத்தேழு வை.”

“மண்ரோட்டுலயா? இருபத்தேழா?”

“கணக்கு நானா, நீயா?”

“சரி சரி.”

ஆலமரம் தெரிந்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. தங்கையா செருப்பை உதறிவிட்டு இறங்கினார். வழக்கம்போல அவசரமாகத் தீக்குச்சியைக் கிழித்து, சூடத்தைக் கொளுத்தி, சுடரை ஒரு சுற்றுச் சுற்றி, திருநீற்றை நெற்றியில் இழுத்துக்கொண்டு திரும்பினார்.

“எதுக்கு ஓடறே? நிதானமா கும்புடுண்ணே” என்றாள் சுசீலா. அவளும் இறங்கியிருந்தாள். “நேரம் இருக்கு.”

“எங்கேர்ந்து வந்துச்சு நேரம்?”

சுசீலா சாமி கழுத்திலிருந்து நழுவிய செவ்வரளி மாலையைச் சரிசெய்தாள். தங்கையாவுக்குப் புரிந்துவிட்டது.

“மைலைக் கூட்டிச் சொன்னியா?”

“கொஞ்சம்.”

“கூட்டத்துல நான் என்ன சொன்னேன்னு தெரியுமா உனக்கு?”

“மலாக்காவுக்கே தெரியும். வந்து ஏறுண்ணே. இப்ப எடுத்தா சரியாப் போயிரும். நிமிசக் கணக்குல இல்ல, நொடிக் கணக்குல சரியா இருக்கும். அப்பா கோப்பைண்ணே.”

தங்கையா சாலையைப் பார்த்தார். அடுத்த வளைவில் சாவடிக்காரர்களின் குடையின் நுனி செம்பனை மட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பத்து அடி நடந்து கதவைத் திறந்தால் போதும், கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. கால்கூட ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டது.

தெரியப் போவதில்லை என்பதுதான் அவரைத் தடுத்தது. கூட்டத்தில் அத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல். அப்பா பெயரை வைத்துச் சொன்ன சொல். தங்கையா திரும்பி நடந்து போய்க் கோயில் படியில் உட்கார்ந்தார்.

“என்ன செய்யிறே?”

“உக்காந்திருக்கேன்.”

“அண்ணே, போவுது! நேரம் போவுது!”

“போகட்டும்.”

சுசீலா காருக்குள் கைவிட்டு ஹார்னை அழுத்தினாள். மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் கிளம்பின, அண்ணன் கிளம்பவில்லை. மைக்கேலின் கார் வந்தது. வேகத்தைக் குறைத்து, சாமிக்கு ஒரு சின்ன ஹார்ன் கொடுத்து, படியில் உட்கார்ந்திருந்தவரை வியப்பாகப் பார்த்துவிட்டுப் போனது. அதன் புழுதி அடங்கும்வரை தங்கையா முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து காரை எடுத்தார்.

மிச்ச வழி முழுக்க, சுசீலாவின் வாயிலிருந்து வேகமும் இடது வலதும்தான் வந்தன.

போட்டி முடியும் டுரியான் துங்காலில், மண்டபத்துச் சாப்பாட்டுக்கு நடுவே வடிவேலு மைக்கைத் தட்டினார். மைக்கேலும் மார்வினும் கோப்பையை மூன்றாம் முறையாகத் தூக்கினார்கள். “நம்ம தங்கையா அண்ணன் வண்டி, மத்த எல்லா இடத்துலயும் புள்ளியே போகல. கோயில்ல மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆயிருச்சு போல” என்று வடிவேலு சொன்னதும் சனங்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் சுசீலா இலையை மூடிவிட்டாள்.

மைக்கேல் கோப்பையோடு வந்து நின்றான். “என்னண்ணே, சாமியோட சொத்துப் பிரிக்கிற பேச்சா? அவ்ளோ நேரம்?”

தங்கையா வாயைத் திறக்குமுன் சுசீலா சொன்னாள்: “எங்கப்பா பேச்சு வந்துச்சு மைக்கேல். பேசிக்கிட்டே இருந்துட்டோம்.”

மைக்கேலின் முகம் மாறியது. “பெரியவர் பேச்சுன்னா அப்படித்தாங்க்கா ஆவும்” என்றான், கோப்பையைச் சற்றே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு.

வெளியார் முன்னால் அண்ணனை விட்டுக்கொடுக்காதது அவள் வளர்ந்த வளர்ப்பு. அந்தப் பெருமையோடு தங்கையா காரை எடுத்தார். ஆனால் கார்க் கதவு மூடியதும் அங்கே வெளியார் இல்லை.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் சுசீலா. “அம்மா சீக்காப் படுத்திருந்தப்ப சிரம்பான்லேர்ந்து வருவேனே. அரைமணி லீவு போட்டா வந்தேன்? நாள் முழுக்க ஒதுக்கி வச்சிட்டுத்தானே வருவேன்?”

“அதுக்கென்ன?”

“ஒருத்தரைப் பாக்கப் போறோம்னா நேரம் ஒதுக்கிட்டுத்தான் கிளம்பணும். அதுதான் மரியாதை. நீ இத்தனை வருசமா என்ன செஞ்சே? குச்சியக் கிழிச்சே, சூடம் பத்துறதுக்குள்ள காருக்கு ஓடி வந்தே. அவனுங்க கையில கடிகாரம் பாத்தானுங்க. நீ மனசுல பாத்தே.”

தங்கையா கியரை மாற்றினார்.

“அப்பா அங்க எப்படி நிப்பாரு? மறந்துட்டியா? சூடம் தானா அணையிற வரைக்கும் நிப்பாரு. சுருட்டு வச்சு, ரெண்டு வார்த்தை பேசி, அப்புறந்தான் ஏறுவாரு. இன்னைக்கு உனக்கும் அந்த நேரம் கெடைக்கட்டும்னுதான் கூட்டிச் சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஜெயிக்கவும்தான். பொய் சொல்லல. அப்பா பேருக்குக் கீழ என் பேரு வரணும்னு எனக்கும் ஆசை இருக்கக் கூடாதா? உன் சொல்லை நீ காப்பாத்திக்கிட்டே. என் கணக்கு சரியா இருந்துச்சுண்ணே. அதை யாரு காப்பாத்துறது?”

தங்கையாவுக்கு நினைவு வந்துவிட்டது. சூடம் எரிந்து கரிந்த தட்டின் முன்னால் அப்பா அசையாமல் நிற்பதும், காரின் பின்கண்ணாடி வழியே இரண்டு பிள்ளைகள் அந்த அகலமான முதுகைப் பார்த்துக்கொண்டு பொறுமையில்லாமல் நெளிவதும். வேறு கார்கள் விர்ரென்று தாண்டிப் போனபோதும் அந்த முதுகு ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. நிற்கும் வழக்கத்தை இத்தனை வருடம் காத்தவர், நிற்கும் விதத்தை எங்கேயோ தவறவிட்டுவிட்டார்.

புக்கிட் காத்தில் வந்துவிட்டது. காரை முகப்புக் கொட்டகையில் விட்டு எஞ்சினை அணைத்தார். இருவரும் இறங்கவில்லை. பானெட்டுக்குள் சூடு தணியும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டு ஆண்களுக்கு இல்லை. தொண்டையைச் செருமினார்.

“சுசீலா.”

“ம்.”

“அடுத்த வருசம், முனியாண்டிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?”

அவள் மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் வரும் போலிருந்தது.

“நீ எவ்வளவு நேரம் கும்புடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒழுங்காக் கும்புட்டு நான் பாத்ததே இல்லையே.”

“கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சொல்லணும். சாமிக்கு நேரம் ஒதுக்கிறது தப்பில்லன்னு.”

“அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல கும்புட்டுக் காட்டு.”

“இங்கயா?”

“பின்னே? கணக்குப் போட வேணாமா?”

தங்கையா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அக்கம் பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகூப்பினார். சுசீலா ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். அண்ணனின் உதடுகள் மெதுவாக, அவசரமில்லாமல் அசையத் தொடங்கின.