பதினோரு "சரி"

மின் ஆய்வாளர் அம்மா வந்ததிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அவரோ நான் எழுதிய பதிவேட்டை ஆற அமரப் புரட்டினார்.

மாதம் ஒருமுறை மெயின் கரண்டை நிறுத்தி, கட்டடத்தின் சுமை முழுவதையும் ஜெனரேட்டர் பத்து விநாடிக்குள் ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு விதி அது. நான் செய்வது வேறு. இன்ஜினைக் கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு, "லோடு டெஸ்ட், சரி" என்று எழுதிவிடுவேன். கரண்டை நிறுத்தினால் டாக்டர்கள் கத்துவார்கள். எனக்கும் உடம்பு வணங்காது. பதினோரு மாதம், பதினோரு "சரி".

"பேப்பர்ல எல்லாம் பளபளன்னு இருக்கு. நிஜத்துலயும் பார்த்துடலாம். மெயினை ஆஃப் பண்ணுங்க."

மூன்றாவது மாடியில் என் அக்கா நான்கு நாளாக மூச்சு மெஷினில் கிடக்கிறாள். மெஷினின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்றார் நர்ஸ். பழைய பேட்டரி எப்படிக் காலை வாரும் என்று எனக்குத் தெரியாதா!

"இன்னிக்கு வேணாமே மேடம். நல்லா ஓடுது, சத்தத்தைக் கேளுங்களேன்."

"சத்தத்துக்கு நாங்க சர்டிபிகேட் குடுக்கறதில்ல. தள்ளுங்க."

அவர் கை சுவிட்சுக்குப் போனது. பாய்ந்து குறுக்கே நின்றேன்.

"வேணாம்! அதெல்லாம் பொய்யா எழுதினது. ஒரு தடவைகூட லோடு குடுத்ததில்ல. மேல எங்கக்கா இருக்கா மேடம்."

சோற்றில் மறைத்த பூசணிக்காயை நானே தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அவர் கத்தவில்லை. வாடகை ஜெனரேட்டரை வரவழைத்து, நோயாளிகள் இருந்த மாடிகளை அதற்கு மாற்ற வைத்தார். அது வந்து சேர மூன்று மணி நேரம்; அதுவரை நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பிறகு அவரே மெயினை நிறுத்தினார்.

எங்கள் இன்ஜின் ஒன்பதாவது விநாடியில் மிச்சக் கட்டடத்தைத் தூக்கியது. அப்பாடா என்றேன். நாற்பதாவது விநாடியில் கரும்புகை கக்கி நின்றது.

"லோடே இல்லாம ஓட்டினா கரி அடைக்காம என்ன செய்யும்?" என்றார். டார்ச்சை அடித்துப் பதிவேட்டில் போன மாதப் பக்கத்தைத் திறந்தார்.

"இன்னிக்கு உங்கக்கா. சரி. போன மாசம் அந்தக் கட்டில்ல யாரு இருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.