ஏழு சுற்று நூல்

பைண்டிங் பட்டறையின் பக்கத்து அறையில், அட்டைகளுக்குப் பசை பூசும் இயந்திரம் அவள் பொறுப்பு. வியர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கும் என்று, அதைத் தலையோடு பிடித்து வைக்கும் பட்டை ஒன்றை வாங்கி மாட்டினாள். பட்டையின் ரப்பர் வளையம் கண்ணாடிக் காம்பை விட்டு நழுவி, கண்ணாடி இரண்டு தடவை பசைத்தொட்டிக்குள் விழுந்தது. பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது நாள், புத்தகம் தைக்கும் மெழுகு நூலால் இரண்டு காம்பிலும் ஏழேழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பின்தலையில் ஒரு பாசிமணியை மேலே நகர்த்தி இறுக்குகிற பட்டை அது. இறுக்கியதுபோக மிஞ்சிய பட்டையின் வால் தோள்வரை தொங்கியது. அதை வெட்டத்தான் மறந்துபோனாள்.

அன்று பகல் பதினொரு மணிக்கு, ஓர் அட்டை இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே கோணலாகச் சிக்கியது. இயந்திரத்தை நிறுத்தாமலே குனிந்து பார்த்தாள். தோளில் கிடந்த வால் முன்னால் சரிய, உருளை அதைக் கவ்வியது. மணி விர்ரென்று ஏறி, பட்டை மண்டையை நெரித்தது. கன்னம் இரும்புச் சட்டத்தில் மோதியது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

வெளியே, "கரண்டு எப்ப வருமோ, வாங்க டீ குடிச்சிட்டு வருவோம்" என்ற மற்ற ஆட்களின் குரல்கள் தேய்ந்து மறைந்தன. அவள் கூப்பிடுவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். பட்டையை மேலே தள்ளினாள். கொண்டை தடுத்தது. கீழே இழுத்தாள். கண்ணாடி மூக்கெலும்பை அழுத்தியது. நூலை நகத்தால் பிறாண்டினாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே மசியவில்லை. கத்தி மேசைமேல் இருந்தது. விரல் நுனிக்கும் அதற்கும் ஒரு சாண் குறைந்தது.

அப்போதுதான் நினைப்பு வந்தது: சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருக்கிறது. கரண்ட் வந்தால் உருளை சுற்றும்.

"யாராவது வாங்களேன்!"

பின்வாசலில் ஓர் இருமல் கேட்டது. நாத்தனார். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பட்டறை. இவள் அம்மா வீட்டுக்குப் போய்வந்ததை நாத்தனார் தன் தம்பியிடம், அதாவது இவள் புருஷனிடம், ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி வைத்தாள் என்று இருபது நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. 'யாராவது' என்றால் அவள் எழுந்து வருவாளா? தன்னைக் கூப்பிடவில்லை என்று உட்கார்ந்திருப்பாள்.

தலைக்கு மேலே டியூப்லைட் ஒரு தரம் மினுங்கி அணைந்தது. உருளை ஒரு நூலளவு அசைந்தது. சட்டம் கன்னத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்தது.

"அண்ணி!" என்று அலறினாள். "அண்ணி, ஓடி வாங்க!"

செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. நாத்தனார் வாசலில் நின்று பார்த்தாள்.

"சுவிட்ச்! மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க!"

நாத்தனார் சுவிட்சைத் தட்டிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆடாத. கண்ண மூடிக்கோ. அசைஞ்சா காது போயிடும்."

"அறுங்க அண்ணி."

"அறுக்கிறேன்டி. என்ன நூலுடி இது, கப்பல் கட்டுற கயிறு மாதிரி!"

ஒரு காம்பின் ஏழு சுற்றும் அறுபட்டுத் தலை விடுபட்டபோது, அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் விளக்குகள் எரிந்தன. அறை முழுக்க வெளிச்சம். உருளை மட்டும் சும்மா நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருகிட்ட சொல்லாதீங்க, அண்ணி. வேலைக்கே போக வேண்டாம்னு வீட்டுல உக்கார வச்சிடுவாரு."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்று நாத்தனார் வெடுக்கென்று சொன்னாள். கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் சொன்னதே தப்புதான்" என்றாள், உருளையைப் பார்த்தபடியே.

மறுநாள் அவள் பட்டையின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டு, காம்பில் சாதாரணத் தையல் நூலை இரண்டே சுற்றுச் சுற்றினாள். வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள், அறுந்தது. திருப்தியோடு மறுபடி சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.