அக்காவின் ஓட்டு

தடுப்பு அட்டைக்குப் பின்னால் பேராசிரியர் வாக்குச்சீட்டை விரித்தபோது அக்கா அவர் காதருகே வந்து, "மூணாவது ஆளு. அவனுக்கே போடு," என்றாள்.

சர்க்கரை நோயில் அக்காவுக்குக் கண் போய்விட்டது. பார்வையில்லாதவர்கள் ஒரு துணையோடு வரலாம். துணைக்கு வருபவர் அவர்கள் சொன்ன இடத்தில் குறியிட வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது. வாசலிலேயே அதற்குச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தம்பியை உள்ளே விட்டிருந்தார்கள்.

"அவனுக்கு ஏன்க்கா?"

"ரேடியோவுல பேசினான்ல, கணீர்னு இருந்துச்சு. மத்தவனுங்க கத்துறானுங்க. எனக்கு இப்ப குரல்தானேடா முகம்."

முப்பது ஆண்டுகளாக அவர் மல்லுக்கட்டி வந்தது இந்த மாதிரிக் காரணங்களோடுதான். தப்பான காரணத்துக்கு ஓட்டுப் போடுவதைவிட வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதே அறம் என்று எழுதிப் பெயர் வாங்கியவர். வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும், "அப்ப அந்த ஓட்டை யாருக்கும் தெரியாம மாத்திடலாமா சார்?" என்று. "வாதாடு, கெஞ்சு, காலில்கூட விழு. கை மட்டும் வைக்காதே," என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கே தன் மேல் ஒரு மரியாதை வரும்.

பென்சில் மூன்றாவது பெயரைத் தாண்டி ஐந்தாவதற்குப் போனது. அங்கே குறி விழுந்தது.

"போட்டியா?"

"ம்."

"குடு, பெட்டியில நானே போடறேன்."

பாழான சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தருவார்கள். அது அவருக்குத் தெரியாததா? பெட்டிக்கு நாலைந்து அடி தூரம் இருந்தது. "அக்கா, தப்பாப் போட்டுட்டேன்" என்றால் போதும். ஆனால் வரிசையில் நின்ற பழைய மாணவி ஒருத்தி முகமெல்லாம் சிரிப்பாக, "வணக்கம் சார்," என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு, அக்காவின் விரலைப் பிடித்துப் பெட்டியின் வாயைக் காட்டினார். சீட்டு விழுந்த பிறகும் அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்சம் நின்றாள்.

வெளியே வந்ததும் அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த மூன்றாவது ஆள் உதவாக்கரை என்றுதான் இப்போதும் நினைத்தார். நினைத்து என்ன? வெட்கம் இம்மியும் குறையவில்லை.

அக்காவுக்கு வாய் ஓயவில்லை. "மருமக, 'நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை'ன்னு ஒத்தக்கால்ல நின்னா. வேண்டாம்னுட்டேன். நல்லவதான். ஆனா தனக்குப் புடிச்சவனுக்குப் போட்டுட்டு, நான் சொன்னவனுக்கே போட்டதாச் சொல்லிருவா. நீ இதுக்குன்னே படிச்சவன். உன் கையும் என் கையும் ஒண்ணுதான்."

"அக்கா…"

"என்னடா?"

"பாத்து. படி இருக்கு."

படியிறங்கினார்கள். சாலையைக் கடக்க அக்கா வழக்கம்போல அவருடைய வலக்கைக்காகக் கையை நீட்டினாள். பென்சில் பிடித்த கை அது. பேராசிரியர் அதைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் சுற்றி மறுபக்கம் போனார்.

"எங்கடா போயிட்டே?" என்று அக்கா சிரித்தாள். நீட்டிய அவள் கை, அவர் இல்லாத பக்கத்துக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.