மேனேஜரம்மா

மாத்திரையைக் கரண்டியில் நசுக்கித் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள்.

"இப்பப் போயி மருந்தா? வந்து உட்காரும்மா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நேரம் தப்புனா இவ துவண்டுருவாக்கா."

மடியில் கிடந்த ஒன்றரை வயதுக் குழந்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. பிறவியிலேயே அதற்குக் கண் நரம்பு சரியாக வளரவில்லை, பார்வை கிடையாது. மூளையிலும் ஒரு பகுதி உருவாகவில்லை. உடம்பில் தானாகச் சுரக்க வேண்டியதையும் மாத்திரையாகத்தான் கொடுத்தாக வேண்டும். ரொம்ப அபூர்வமான கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ் டிரைவரான அண்ணன்தான், "பாத்தியா, நம்ம வீட்டுக்கு மலிவா எதுவும் வராது" என்று அவளைச் சிரிக்க வைத்தான். படுத்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குகிறாள் என்று மருமகளுக்கு மேனேஜரம்மா என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

வேலை முடிந்து வந்ததும், "மேனேஜரம்மா, வண்டிய ஷெட்ல விட்டாச்சு!" என்று கத்துவான். குழந்தை காலை உதைத்துச் சிரிக்கும்.

"என்னைய நல்லாத் தெரியும் இவளுக்கு."

"ரேடியோவுக்கும்தாண்ணா சிரிக்கிறா."

"உனக்கு வயித்தெரிச்சல்."

குழந்தைக்கு ஆளை அடையாளம் தெரிகிறதா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. பெற்றவளைத் தெரியுமா என்பதே அவளைத் தினமும் அரித்த கேள்வி. இன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவேயில்லை. தெரியும் என்று அடித்துச் சொல்ல இனி ஆளில்லை.

வெளியூரிலிருந்து தம்பி வந்து சேர்ந்தான். போனில் அவன் குரலுக்கும் அண்ணன் குரலுக்கும் வித்தியாசமே தெரியாது. அம்மாவே பலமுறை ஏமாந்திருக்கிறாள். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அவளிடம் வந்து குழந்தையை வாங்கினான்.

"மாமா வந்திருக்கேன்டா தங்கம்."

குழந்தை காலை உதைத்துச் சிரித்தது. சாவு வீடே திரும்பிப் பார்த்தது. அப்படியானால் இவ்வளவு நாளும் வெறும் சத்தத்துக்குத்தான் சிரித்ததா?

குழந்தையின் கை தம்பியின் முகத்தில் ஏறி, மூக்குக்குக் கீழே வந்து நின்றது. அண்ணனுக்கு அங்கே கத்தை மீசை. அதைப் பிடித்துத் தொங்கும். தம்பிக்கு மழித்த உதடு. விரல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடின. சிரிப்பு நின்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு குழந்தை வீறிட்டது.

"என்னக்கா, நான் ஒண்ணும் பண்ணலையே?"

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கையை அவன் மீசைமேல் வைத்தாள். குழந்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"வண்டி வந்துருச்சும்மா" என்றார் யாரோ.

"நிக்கட்டும்" என்றாள்.