சஹனில் மிஞ்சிய சோறு

உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்ற றஊபுக்குத் தன் வயிறு மறைத்ததில் முள் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சிநேகிதர் முத்தலிபுதான் குனிந்து வாசித்தார்.

"நூத்தியெட்டு."

பத்து நாளைக்கு முன், பாலாவி ஊரின் இதே உப்புக் கிட்டங்கியில், இதே தராசு நூற்றிநாலு கிலோ காட்டியது. றஊப் இறங்கிச் செருப்பைத் தேடினார்.

அழகுக்காக மெலியப் புறப்பட்ட மனுசன் இல்லை அவர். முழங்கால் மடங்காமல் இரண்டு வருடமாகப் பள்ளியில் கதிரை போட்டுத் தொழுகிறார். நூறுக்குக் கீழே வந்தால் கால் மடங்கக்கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நெற்றி நிலத்தில் பட ஒரு சுஜூது செய்ய வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காக நாலு மாதம் விடியல் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முத்தலிபோடு நடந்தார், காலையில் தின்னும் பாணை விட்டார், சீனியை விட்டார். எட்டுக் கிலோ கரைந்தது.

எல்லாவற்றையும் மாம்புரியில் நடந்த ஒரு கலியாணம் கெடுத்துவிட்டது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சோறு. நிலத்தில் உட்கார ஏலாதவர்களுக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே இருந்த ஐந்து பேரும் சுகர், பிறசர் என்று குளிசையோடு வந்த கிழவர்கள். இவர்களோடு இருந்தால் தானும் அளவோடு எழும்பலாம் என்று றஊப் பெரிய கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டார். அவர்களோ நாலு பிடியோடு கையை எடுத்துக்கொண்டார்கள். "நீங்க எளந்தாரி, நீங்க முடிங்க தம்பி" என்றார் ஒருவர். ஐம்பத்தொரு வயது எளந்தாரிக்கு முன்னால் ஆறு பேர் சோறும் இறைச்சியும் மலையாகக் கிடந்தன. சஹனில் மிச்சம் வைத்தால் அல்லாஹ்வின் அருளான பறக்கத் போய்விடுமே! முடித்தார். பிறகு இனிப்பாக வந்த வட்டிலப்பத்தையும் முடித்தார்.

அந்த ஒரு சாப்பாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இனி என்ன மண்ணாங்கட்டி நடை என்று மறுநாள் படுத்தவர், பத்து நாளாக எழும்பவில்லை. மனைவி ஷிம்லா சுட்ட தேங்காய் ரொட்டிகள் வரிசையாக உள்ளே போயின. வெட்கமும் கூடவே போனது.

"இனி என்னால ஏலா மச்சான், விடுங்க" என்றார் றஊப்.

"விடலாம். எனக்கும் சுகர் ஏறிட்டுது. பத்து நாளா நானும் நடக்கல்ல."

"தனியப் போறதுதானே."

"தனியப் போனா சந்தி நாய் நாலும் விடுதில்ல. ஒங்கட உருவத்தக் கண்டாத்தான் ஒதுங்குதுகள்."

றஊபுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் உடம்பால் ஒருவருக்காவது பிரயோசனம் இருக்கிறதே என்று நினைக்க ஒரு சந்தோசம். மறுநாள் விடியலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர்தான் முத்தலிபின் படலையைத் தட்டினார். நாய்கள் ஒதுங்கின.

மூன்றாம் வெள்ளிக்கிழமை தராசு நூற்றியைந்தில் நின்றது. நூறு இன்னும் தூரம். ஆனால் ஆசைக்குப் பொறுமை ஏது? அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தவர், அறைக் கதவைச் சாத்தி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு முசல்லா விரிப்பில் மெல்ல முழங்காலை ஊன்றினார். வலித்தது. இரு கையையும் ஊன்றிக் குனிந்தார். வயிறு தடுத்தது, நெற்றி அந்தரத்தில் நின்றது.

கதவைத் திறந்த ஷிம்லா பதறிப்போனாள்.

"என்ன, விழுந்திட்டீங்களா?"

"இல்ல. நெத்தி நெலத்துல பட இன்னும் எவ்வளவு இருக்குண்டு பாரு."

அவளும் குனிந்து பார்த்தாள். முசல்லாவில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள். நெற்றி எட்டவில்லை. அதன்மேல் மற்றக் கையையும் வைத்தாள். றஊபின் நெற்றி அதில் வந்து படிந்தது.

"ரெண்டு கைதான்" என்றாள்.

அளந்து முடிந்துவிட்டது. அவர் தலையை எடுக்கவில்லை. அவளும் கைகளை எடுக்கவில்லை.