கும்பிட்டு ஒரு சொட்டு

“அழுதுபோடு அம்மணி. மனசுக்குள்ளயே வெச்சிருந்தா நெஞ்சு அடைச்சுக்கும்” என்று பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் முதுகைத் தடவினாள். புவனா நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமியாரின் தலையில் அரப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனவர் தலைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

பொறக்கடையில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்து, பெஞ்சில் பாவாத்தாளைப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் காப்பி கொடுக்க எழுப்பியபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருந்தவள்தான். ஆனால் ஆஸ்பத்திரி, குழாய், ஊசி என்று ஒன்றும் இல்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டாள். நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எறும்புக்குக்கூடக் கெடுதி நினைக்காத மனுசி என்றும் சொன்னார்கள்.

எறும்புக்கு நினைக்கவில்லைதான். எறும்பு குடிப்பதில்லையே என்று திருப்பிச் சொல்ல வேண்டும்போல் புவனாவுக்கு வாய் துறுதுறுத்தது. சொம்பில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

அது நடந்தபோது அவள் புருஷன் கதிர்வேல் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்து, மோட்டார் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்குத் தலையில் இரும்புத் தூளோடு வீட்டுக்கு வருவான். வந்தவன் வாயைத் திறந்து பேசினால் புவனா ஒரு அடி பின்னால் நகர்வதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த அளவுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் மாமனாரின் நினைவு நாள் வந்தது.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைக்க வேண்டும். கறிக்குழம்பு, முட்டை, சுருட்டு. கூடவே ஒரு பிராந்தி பாட்டில். பாவாத்தாள் யாரிடமோ சொல்லி வாங்கி வைத்திருந்தாள். டம்ளரில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்ததும் மகனிடம் நீட்டினாள்.

“உங்கொப்பன் எச்சத்தெ கீழ ஊத்தக் கூடாது கண்ணு. கும்பிட்டு ஒரு சொட்டு வாயில வெச்சுக்கோ.”

அவன் புவனாவைத் திரும்பிப் பார்த்தான். “வேண்டாங்க” என்று அவள் கத்தினாள். கையில் அப்பளக் கரண்டி இருந்தது.

“செத்தவிய சாபத்தெ ஊட்டுக்குள்ள கொண்டாராதே அம்மணி. ஒரு சொட்டுல என்ன ஆயிரும்?”

என்ன ஆயிற்று என்று பாவாத்தாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். இருட்டுவதற்குள் பாட்டில் காலி. அந்த வாரம் முழுக்கப் பட்டறை திறக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் வேறு லேத்துக்குப் போனார்கள். மகள் வர்ஷினியின் தலையில் கை வைத்துக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தான். சத்தியம் செய்த வாயே நாறியது. கடைசியில் கோயமுத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, அவன் திரும்பி வருவதற்குள் புவனாவுக்குப் பாதி முடி கொட்டிப்போனது. இப்போது வாரா வாரம் ஆர்.எஸ்.புரத்தில் குடியை விட்டவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போய் வருகிறான். பட்டறையை மறுபடி திறந்து இன்னும் ஒரு பொங்கல்கூட வரவில்லை.

இத்தனைக்கும் பாவாத்தாள் ஒரு வார்த்தை சொன்னாளா? “நானா ஊத்துனேன்? அவங்கொப்பன் கேட்டான்” என்றாள். அதோடு சரி. ஒரு நாளைக்காவது தப்பாய்ப்போயிற்று என்று சொல்லிவிடுவாள் என்று புவனா காத்திருந்தாள். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிமேல் யாரிடம் சண்டை போடுவது? அதை நினைக்க நினைக்கத்தான் கோபம் மண்டைக்கு ஏறியது.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வெளியே காத்திருந்தார் செங்கோடன். பாவாத்தாளின் தம்பி, கதிர்வேலுக்குத் தாய்மாமன். செய்தி கேட்டதும் பவானியிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தவர், வாசலிலேயே குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். அந்த அழுகை நிஜம். கார் டிக்கியில் இருந்த அட்டைப்பெட்டியும் நிஜம். இழவு வீட்டுக்கு வரும் ஆம்பிளைகளைச் சும்மா அனுப்பினால் பிறந்த வீட்டுக்குக் கௌரவம் இல்லையாம்.

புவனா ஈரக் கையோடு அவரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, யாருக்கு வேண்ணாலும் குடுங்க. அவருக்கு மட்டும் குடுத்துப்போடாதீங்க.”

“அட என்ன அம்மணி நீ. பெத்த தாயி போயிருக்கறா. காத்தாலயிருந்து பச்சைத்தண்ணி குடிக்காம நிக்கறான். ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் கொள்ளி வெக்கறவரைக்கும் நிப்பான்.”

“நிக்காட்டி உழுகட்டுமுங்க. ஆறு பேரு தூக்குங்க.”

“எளவு ஊட்டுல வெச்சுப் பேசற பேச்சா இது?” செங்கோடன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எங்க அக்கா உன்னெ எப்படித் தாங்குனா. அவளெ எடுக்கற அன்னைக்குமா இப்படி?”

தாங்கினாள்தான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக்கூட அனுப்பாமல் தானே பார்த்தாள். வர்ஷினிக்கு மூன்று மாதம் காய்ச்சிய எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டினாள். அதையெல்லாம் புவனா மறக்கவில்லை. அதுவும் கோபமாகவே வெளியே வந்தது. “உங்க அக்காதானுங்க அவரெக் கெடுத்தாங்க. நீங்களும் சேந்து முடிச்சுப்போடாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, வண்டியில் ஏற்றினார்கள். தெரு மூலை வரைக்கும் பெண்கள் நடந்து வந்தார்கள். அதற்கு மேல் வரக் கூடாது. தீச்சட்டியோடு முன்னால் உட்கார்ந்திருந்த கதிர்வேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் செங்கோடனின் கார். டிக்கி சரியாக மூடாமல், ஒவ்வொரு குழிக்கும் உள்ளே கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது.

“வா அம்மணி, ஊடு கழுவோணும்” என்றாள் சென்னியம்மாள்.

“வர்ஷினி கழுவிப்போடுவா பெரீம்மா.”

“நீ எங்க போறே?”

புவனா ஸ்கூட்டியை எடுத்தாள். சேலை முழுக்க அரப்பு வாசனை. பின்னால் பெண்கள் கசமுசவென்று பேசுவது கேட்டது, பேசட்டும். மூலை வரைக்கும்தான் பெண்ணுக்கு வழி என்று வைத்தவன், மூலைக்கு அந்தப் பக்கம் குடித்துவிட்டு ஆம்பிளை திரும்பி வந்து படுக்கிற வீட்டையும் அவனே கட்டிக் காத்திருக்க வேண்டும்.

தகன மேடையின் கேட்டுக்கு உள்ளே, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினாள். கதிர்வேல் தலையை மழித்து, தோளில் குடத்தோடு அம்மாவைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். குடம் உடைந்தது. நெஞ்சின்மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினான். உடம்பு கிடந்த தட்டை உலைக்குள் தள்ளினார்கள். இரும்புக் கதவு இறங்கியபோது அவன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் புவனாவுக்கு முதல் தடவையாகக் கண் கரித்தது. துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துக் கொட்டகையில் அட்டைப்பெட்டி ஏற்கெனவே பிரிந்திருந்தது. பிளாஸ்டிக் டம்ளர்கள், தண்ணீர் பாக்கெட், ஒரு பொட்டலம் மிக்சர். குளித்துவிட்டு வந்த கதிர்வேலின் தோளில் கை போட்டு செங்கோடன் அங்கே நடத்திக்கொண்டு போனார். ஒருத்தன் நாற்காலி போட்டான். இன்னொருத்தன் டம்ளரை நீட்டினான்.

“அம்மாள நெனைச்சுக் கும்பிட்டு ஒரு வாய் போடு மாப்ளை” என்றார் செங்கோடன்.

அதே வார்த்தை. அக்கா வாயிலிருந்து அப்படியே தம்பி வாய்க்கு வந்திருந்தது. புவனா கால் செருப்போடு கொட்டகையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது. டம்ளரைத் தட்டிவிடுவதா, செங்கோடனின் சட்டையைப் பிடிப்பதா, அந்த மழித்த தலையிலேயே ஒன்று போடுவதா?

அதற்குள் கதிர்வேல் அவளைப் பார்த்துவிட்டான். நாற்காலியில் உட்காராமல் நேராக அவளிடம் வந்தான்.

“புவனா. எனக்குக் குடிக்கோணும்னு இருக்குது” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டது. “இங்க நின்னா குடிச்சுப்போடுவேன். என்னெக் கூட்டீட்டுப் போயிரு.”

யாரோ சிரித்தார்கள். செங்கோடன் பின்னாலேயே வந்தார். “இன்னும் சாங்கியம் முடியலெ. பங்காளிக எல்லாம் உக்காந்திருக்கறாங்க. எங்கடா போறே?”

புவனாவுக்கு அங்கேதான் வார்த்தை கிடைத்தது. “சாங்கியமுங்களா? கொள்ளி வெச்சவரு திரும்பிப் பாக்காம நேரா ஊட்டுக்குப் போகோணும். அதுதானுங்க சாங்கியம். கொட்டாயில உக்காந்து மிச்சர் திங்கோணும்னு எந்தச் சாங்கியத்துலீங்க இருக்குது?” சத்தம் போட்டுத்தான் கேட்டாள். தகன மேடை ஊழியர்கூட எட்டிப் பார்த்தார். “திரும்பாதீங்க, வாங்க” என்று கதிர்வேலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் திரும்பவில்லை.

ஈர வேட்டியோடு பின்னால் உட்கார்ந்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் வழியில் பிராந்திக்கடை இருக்கிறது. அவள் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்குப் பின்னால் போகும் மண் ரோட்டில் திருப்பினாள். வீட்டுக்குத் திரும்பும் முக்குக்கு வந்ததும் அவன் அவள் தோளைத் தொட்டான்.

“நிறுத்து.”

நிறுத்தினாள்.

“மாடியில... டேங்க் மூடிக்குள்ள ஒண்ணு இருக்குது. காத்தால மாமன் குடுத்தாரு. ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கப்பறம்னு...”

புவனா ஸ்டாண்டைக்கூடப் போடவில்லை. வண்டியை அப்படியே காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் தோளில், கையில், முதுகில் அடித்தாள். “நான் உங்கம்மாளுக்கு அரப்புத் தேய்ச்சுட்டிருக்கறேன். நீங்க மாடியேறிப் பாட்டில ஒளிச்சு வெக்கறீங்களா? பெத்தவ பொணம் கீழ கெடக்குது. அப்பவுமா? அப்பவுமாடா?”

கல்யாணமானதிலிருந்து அவனை அவள் ‘டா’ போட்டதில்லை. அவன் கையைத் தடுக்கவில்லை.

“ஆமா” என்றான்.

சத்தியம் செய்யவில்லை. மகள் பெயரை இழுக்கவில்லை. மாமன்மேல் பழி போடவில்லை. ஆமா என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நின்றான். போன தடவை இந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து பிடுங்க அவளுக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. மூச்சு வாங்கியபடி கன்னத்து முடியை ஒதுக்கிவிட்டு வண்டியை நிமிர்த்தினாள்.

“நீங்க உள்ள போய் வெளக்கக் கும்பிடுங்க. நான் மாடிக்குப் போய்க்கறேன்.”

“இல்லெ. நீ மொதல்ல போய் ஊத்தீரு. அது அங்க இருக்கறவரைக்கும் நான் உள்ள வரலெ.”

“ஊரே பாக்கும்.”

“பாக்கட்டும்.”

வீடு கழுவி, அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பந்தலுக்கு அடியில் உறம்பரைச் சனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதிர்வேல் கேட்டிலேயே நின்றுகொண்டான். புவனா யாரையும் பார்க்காமல் வெளிப்படியில் ஏறினாள். மூடியைத் தூக்கியதும் கேரி பேக்கில் சுற்றிய பாட்டில் கிடைத்தது. மறைவாகக் கவிழ்த்துவிட்டு இறங்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கைப்பிடிச் சுவரோரம் வந்து, எல்லோர் கண் முன்னாலும், வாசல் சாக்கடைக்கு நேராகக் கவிழ்த்தாள். வாசனை பந்தலுக்குள் போனது. வர்ஷினி கையில் விளக்குமாற்றோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

சென்னியம்மாள்தான் முதலில் சுதாரித்தாள். “கொள்ளி வெச்சவன் வாசல்ல நிக்கக் கூடாது சாமி. உள்ள வா. வெளக்கப் பாரு.”

“இருங்க பெரீம்மா” என்றான் கதிர்வேல். “அவ எறங்கி வரட்டும்.”

குறுகிய கழுத்துப் பாட்டில், காலியாக நேரம் பிடித்தது. அதுவரைக்கும் அவன் மேலே பார்க்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.