மைமூன் பீவி கை கழுவிய தண்ணீர்

குளச்சல் வலைக்கடைத் தெருவில் இருந்த உண்ணிகள் எல்லாம் ஒரு திங்கட்கிழமை காலையில் வரிசையாக நடந்து போய்க் கடலில் இறங்கின. அன்று சாளை மீன் மலிவு. ஐஸ் லாரி தாமதமாக வந்தது. வரிசை தெருவைக் கடந்து முடியும்வரை பைக்காரர்கள் வண்டியை அணைத்துவிட்டு நின்றார்கள். அடுத்த தெருக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை. நம்புங்கள் என்று நாங்கள் கெஞ்சவும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் நாய்களின் காதைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

வலைக்கடை மீரா முகைதீனின் மனைவி மைமூன் பீவிக்கு அதற்கு முன்பே பெயர் உண்டு, பூனைகளால். வீடு நிறையப் பூனைகள். ஒன்றின் மேலும் தெள்ளுப்பூச்சி கிடையாது. தினமும் பேன்சீப்பால் வாரி, சீப்பில் வந்ததைச் சோப்புத் தண்ணீரில் முக்குவார். பூனைகள் படுக்கும் சாக்குகளைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி வெயிலில் விரிப்பார். பூனைக்கு வேப்பெண்ணெய் தடவலாமே என்று யோசனை சொல்லப் போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "அது நக்குத சாதியாக்கும். வாயில போகக் கூடாதத அது மேல தேய்ப்பியா?" என்பார்.

தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் பூங்கனி டீச்சரின் முந்தைய நாய் உண்ணிக் காய்ச்சலில்தான் செத்தது. இப்போது பிளாக்கியும் படுத்துவிட்டது. காதுக்குள் புளியங்கொட்டைகளைப் போல உண்ணிகள். கால்நடை மருத்துவர் ஊசி போட்டு மாத்திரை தந்தார். காய்ச்சல் இறங்கினாலும் உண்ணி ஏறிக்கொண்டே இருந்தால் திரும்ப வரும் என்று உள்ளதைச் சொன்னார். இன்னொரு நாயைப் புதைக்கத் தன்னால் முடியாது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பிளாக்கியைத் தூக்கிக்கொண்டு பீவி வீட்டுக்கு வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். ஈரமான நாயைத் தொட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. அந்த வீட்டின் மார்க்க வழக்கம் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"தொடாண்டாம் அக்கா, சும்மா பாத்துச் சொன்னா போதும்" என்றவர் அங்கேயே அழுதுவிட்டார்.

"நாயில்லா?" என்று மீரா முகைதீன் மெதுவாக இழுத்தார்.

பீவி அதற்குள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டிருந்தார். "ஏழு தடவ கழுவணும், அவ்வளவுதானே? நம்ம கிணத்துல தண்ணிக்கா பஞ்சம்? உள்ள கொண்டாங்க டீச்சரே."

வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பிளாக்கியைக் குளிப்பாட்டினார். பிறகு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, உண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் போட்டார். பூனைகள் மதில்மேல் உட்கார்ந்து பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தன. வேலை முடிந்து கிணற்றடியில் ஏழு தடவை கை கழுவினார், நடுவில் ஒரு தடவை முற்றத்து மண்ணைக் கலந்து. அந்தக் கலங்கல் தண்ணீர் மதில் ஓட்டை வழியாகத் தெரு ஓடைக்குப் போனது. ஓடையில் படுத்திருந்த செம்பட்டை நாய் எழுந்து நின்றது. அதன் கால்கள் வழியாக உண்ணிகள் இறங்கின. பக்கத்து நாயிலிருந்தும் இறங்கின, ஆடுகளிலிருந்தும் இறங்கின, ஒன்றன்பின் ஒன்றாகக் கடலைப் பார்த்து நடந்தன. இரண்டு நாள் கழித்து பிளாக்கி ஒரு சாளையை முள்ளோடு தின்றது.

திற்பரப்பிலிருந்துகூட ஆட்கள் வந்து பாட்டில்களில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் போனார்கள். அங்கே போனதும் அது வெறும் தண்ணீராகிவிட்டதாம். எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. தண்ணீரைக் கொண்டுபோனவர்கள் பீவியின் கையையா கொண்டுபோனார்கள்?

வெளித்தெரு நாய்கள் வந்துபோவதால் உண்ணிகளும் வரத்தான் செய்கின்றன. பீவியும் வாரம் ஒருநாள் சாமணத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். உண்ணிகள் ஓடையோரம் நடந்துபோவதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது பூங்கனி டீச்சர். பேச்சு மும்முரத்தில் ஐந்தா ஆறா என்று அவருக்குக் குழம்பிவிடும்.

"கணக்கு டீச்சராக்கும்" என்று பீவி சிரிப்பார்.

டீச்சர் வாளியைக் கிணற்றில் விட்டு, ஒன்றிலிருந்து மறுபடியும் ஊற்றுவார்.